பன்னிரண்டு வயது நாடியாவும் பத்து நிமிடக் காணொளியும்

சல்மான் கான் என்றதும் இந்தி நடிகர்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். நான் எழுதப்போவது இன்னொரு சல்மான் கானைப் பற்றி. 1976இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்ஸை ஒட்டிய ஒரு புறநகரில் பிறந்தவர். அப்பா இன்றைய வங்காளதேசத்தின் பாரிசாலைச் சேர்ந்தவர். எம்.ஐ.டி.யில் கணிதமும் மின்பொறியியலும் கணினியும் படித்து, ஹார்வர்டில் வணிக மேலாண்மை முடித்து, பாஸ்டனில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கண்ணாடிக் கட்டடம், பாதுகாவலர் என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். முதலாளியும் இவரும்தான் அந்த நிறுவனம்.

2004இல் அவருக்குத் திருமணம் ஆனது. ஊரிலிருந்து வந்த உறவினர்கள் அப்படியே பாஸ்டனையும் சுற்றிப்பார்க்க வந்தார்கள். வந்தவர்களில் பன்னிரண்டு வயது நாடியாவும் ஒருத்தி. சல்மான் கானுக்குத் தங்கை முறை. கெட்டிக்காரப் பெண். ஆனால் ஆறாம் வகுப்பு முடிவில் வைத்த கணிதத் தரப் பிரிப்புத் தேர்வில் சறுக்கிவிட்டாள். அவளை உட்கார வைத்தது அலகு மாற்றம். அவுன்ஸை கேலனாக்குவது, அங்குலத்தை அடியாக்குவது மாதிரியான கணக்குகள். அந்த ஒரு தேர்வை வைத்து அவளை மெதுவான பிரிவில் போட்டுவிட்டார்கள். அங்கே போனால் இயற்கணிதம் தள்ளிப்போகும். இயற்கணிதம் தள்ளிப்போனால் பள்ளி முடிவதற்குள் நுண்கணிதம் படிக்க முடியாது. நுண்கணிதம் இல்லையென்றால் பொறியியலும் இயற்பியலும் தூரமாகிவிடும். பன்னிரண்டு வயதில் ஒரு மதியவேளைத் தேர்வு, ஒரு பெண்ணுக்கு எந்தக் கதவு திறக்கும் எது திறக்காது என்று முடிவு செய்கிறது.

மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நமக்கும் கண்டம் பன்னிரண்டு வயதில்தான். ஆறாம் ஆண்டு வரை தமிழில் படித்துவிட்டு, படிவம் ஒன்றில் மலாய்மொழிக்குத் தாவ வேண்டும். முன்பு யுபிஎஸ்ஆர் மலாய்த் தாளில் குறிப்பிட்ட நிலையை எட்டாதவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக இருந்தார்கள். என் அக்கா அந்த வகுப்பில் இருந்தவள். அவளோடு உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் அந்த ஓராண்டைத் தாண்டி வரவே இல்லை. அதனால்தானோ என்னவோ, நாடியாவின் கதையைப் படித்தபோது எனக்கு சிலிக்கான் பள்ளத்தாக்கின் வெற்றிக்கதையாக அது தோன்றவில்லை. ரொம்பப் பக்கத்து வீட்டுக் கதையாகத் தோன்றியது.

நாடியா நியூ ஆர்லியன்ஸ் திரும்பிவிட்டாள். தொலைபேசியில் சொல்லிக்கொடுக்கிறேன் என்று சல்மான் கான் ஒப்புக்கொண்டார். வேலை முடிந்து வந்தபின் ஒரு காதில் தொலைபேசி, முன்னால் கணினி. யாஹூ மெசெஞ்சரில் டூடுல் என்றொரு வசதி இருந்தது. ஒருவர் மவுஸால் கிறுக்குவது மறுமுனையில் இருப்பவர் திரையிலும் தெரியும். மவுஸைப் பிடித்துப் பின்னம் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும்.

ஆரம்பத்தில் ஒன்றும் நடக்கவில்லை. அவர் கேள்வி கேட்பார். மறுமுனையில் மௌனம், அல்லது பயந்து பயந்து ஓர் ஊகம். முகம் தெரியாததால் அவள் யோசிக்கிறாளா, குழம்பிவிட்டாளா, அழப்போகிறாளா என்றுகூடத் தெரியாது. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். ஒன்று, பதிலைத் தைரியமாகச் சொல், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. இல்லையென்றால் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று கேள். நடுவில் நிற்கக்கூடாது. அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தில் சத்தமாகப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அதே தேர்வை மறுபடி எழுதித் தேறினாள்.

2012இல் வந்த தன் புத்தகத்தில் சல்மான் கானே இதைச் சொல்கிறார். யூடியூப் அலைவரிசைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியை ரெண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியம். பிற்பாடு கோடிக்கணக்கானோர் பார்த்த ஓர் அலைவரிசையின் தொடக்கத்தில் கேமராவும் இல்லை, பார்வையாளர்களும் இல்லை. தப்பான பதிலைச் சத்தமாகச் சொல்லப் பழகிய ஒரு சிறுமியும், அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஓர் அண்ணனும்தான் இருந்தார்கள்.

நாடியா தேறியதும் அவள் தம்பிகளும் சேர்ந்துகொண்டார்கள். நம் வீடுகளில் நடப்பதுபோலத்தான். ஒரு வீட்டில் ஒரு பிள்ளை தேறினால் சித்தி, பெரியம்மா எல்லாரும் அழைப்பார்கள். 2006க்குள் உறவும் நட்புமாகப் பத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். ஒரே பாடத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அப்போது ஒரு விருந்தில் நண்பர் ஒருவர், இதையெல்லாம் பதிவுசெய்து யூடியூபில் போடலாமே என்றார். யூடியூப் என்பது பூனை பியானோ வாசிக்கிற இடம், கணக்கு சொல்லிக்கொடுக்கிற இடமில்லை என்பதுதான் சல்மான் கானின் முதல் எண்ணம்.

அவரைக் குறைசொல்ல முடியாது. யூடியூபுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. 2005 ஏப்ரல் 23 அன்று அதில் ஏறிய முதல் காணொளியில் நிறுவனர்களில் ஒருவரான ஜாவேத் கரீம், சான் டியேகோ மிருகக்காட்சிசாலையில் யானைகளின் முன்நின்று அவற்றின் தும்பிக்கை எவ்வளவு நீளம் என்று வியக்கிறார். பத்தொன்பது விநாடியில் முடிந்துவிடும். (ஜாவேத் கரீமின் அப்பாவும் வங்காளதேசக்காரர்தான். இந்தக் கதையில் இரண்டு இடத்தில் வங்காளதேசத்து அப்பாக்கள் வருவது தற்செயல். ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.) 2006 அக்டோபரில் கூகுள் 165 கோடி டாலருக்கு அந்நிறுவனத்தை வாங்கியது. அடுத்த மாதம், நவம்பரில், சல்மான் கான் தன் முதல் பாடத்தை ஏற்றினார்.

இங்கே ஒரு பொறியாளனாக எனக்குச் சுவாரசியமான விஷயம் அந்தப் பாடங்களின் நீளம். அவை ஏறக்குறைய பத்து நிமிடம். மாணவர்களின் கவனம் அவ்வளவு நேரம்தான் நிற்கும், அதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது என்று பலரும் பின்னால் எழுதினார்கள். உண்மையான காரணம் அவ்வளவு உயர்ந்ததில்லை. தொலைக்காட்சித் தொடர்களையும் படங்களையும் ஆட்கள் முழுசாக ஏற்றிக்கொண்டிருந்ததைத் தடுக்க, 2006 மார்ச்சில் யூடியூப் பத்து நிமிட உச்சவரம்பு போட்டது. திருட்டைத் தடுக்கப் போட்ட வேலிக்குள் அடங்க வேண்டியிருந்ததால் பாடங்கள் அந்த அளவில் வந்தன. கல்வியியல் காரணம் பிற்பாடு கிடைத்தது. 2010 ஜூலையில் வரம்பு பதினைந்து நிமிடமானபோது, குட்டிப் பாடம் என்பது ஒரு தனி வடிவமாகவே நிலைத்துவிட்டிருந்தது.

மற்றவையும் அப்படித்தான். கறுப்புப் பின்னணி, வண்ண வண்ணக் கோடுகள், ஒரு மலிவான எழுதுபலகை, கிறுக்கலான கையெழுத்து. முகம் கிடையாது. முகம் இருந்தால் கவனம் சிதறும் என்பது அவர் சொன்ன காரணம். ஆனால் நாடியாவோடு தொலைபேசியில் பேசியபோதும் முகம் இல்லையே. குரலும் கிறுக்கலும் மட்டும்தானே இருந்தன. அந்தத் தொலைபேசி வகுப்பின் எலும்புக்கூடு அப்படியே காணொளிக்குள் போயிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது லாப்லாஸ் மாற்றத்தை நான் இவரிடம்தான் கற்றேன். விடுதியில் இணையம் இரவு ஒரு மணிக்கு மேல்தான் ஓரளவு வேலை செய்யும். அறைத் தோழன் தூங்கியபின் காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். புரியாத வரியை ஆறு தடவை பின்னால் இழுத்துக் கேட்கலாம். ஆறாவது தடவையும் அவர் சலித்துக்கொள்ள மாட்டார். அவருடைய தம்பி தங்கைகளே, நேரில் நீங்கள் சொல்லித்தருவதைவிட யூடியூபில் சொல்லித்தருவதுதான் பிடித்திருக்கிறது என்றார்களாம். 2011 மார்ச்சில் டெட் மேடையில் இதைச் சொல்லி அரங்கத்தைச் சிரிக்க வைத்தார். சிரிப்புக்குப் பின்னால் உண்மை இருக்கிறது. அஞ்சாம் வகுப்பில் தெரிந்திருக்க வேண்டியதை இருபது வயதில் கேட்பதற்கு, யாரும் பார்க்காத ஓர் இடம் வேண்டும்.

வளர்ச்சியை வேகமாகச் சொல்லிவிடலாம். மூன்று வருடம் பகலில் முதலீட்டு வேலை, இரவில் பாடம். கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தபின் வீட்டில் துணி அடுக்கும் சிற்றறைதான் பதிவுக்கூடம். 2008இல் கான் அகாடமியை லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவுசெய்தார். 2009 இலையுதிர்காலத்தில், கைக்குழந்தை இருக்கும்போதே வேலையை விட்டார். சேமிப்பு கரைந்துகொண்டிருந்த நேரத்தில் ஆன் டோர் என்ற கொடையாளர் முதலில் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். இவர் சம்பளமில்லாமல் வாழ்கிறார் என்று தெரிந்ததும் ஒரு லட்சம் கொடுத்தார். 2010 ஜூலையில் ஆஸ்பென் விழா மேடையில் பில் கேட்ஸ், தன் பிள்ளைகளோடு இந்தக் காணொளிகளைப் பார்ப்பதாகச் சொன்னார். அதே ஆண்டு கூகுள் இருபது லட்சம் டாலர் தந்தது. டெட் மேடையில் ஏறியபோது அவரிடம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடங்கள் இருந்தன.

பணக்காரர்கள் வந்து தூக்கிவிட்டதால்தான் வளர்ந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. காலவரிசையைப் பார்த்தால் அது பொருந்தவில்லை. கேட்ஸ் பேசுவதற்கு முன்பே பெரும்பாலான பாடங்கள் ஏற்றப்பட்டுவிட்டன. யாரும் கேட்காமல், விளம்பரம் இல்லாமல், ஒருவர் நான்கு வருடம் உட்கார்ந்து கூட்டலிலிருந்து நுண்கணிதம் வரை வரிசையாகப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கு அவரிடம் பிடித்தது இந்த மாட்டுத்தனமான உழைப்புதான்.

ஆனால் எண்ணிக்கை ஏற ஏற ஒன்று காணாமல் போனது. அதைச் சொன்னவர் இன்னொரு யூடியூபர்.

டெரிக் முல்லர் ஆஸ்திரேலியாவில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். பொறியியல் இயற்பியல் படித்தவர். இயற்பியலைக் காணொளி வழியாக எப்படிக் கற்பிப்பது என்பதைப் பற்றி சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008இல் முனைவர் பட்டம் வாங்கினார். 2011 ஜனவரியில் வெரிடாசியம் என்ற அலைவரிசையைத் தொடங்கினார். இன்று அறிவியல் அலைவரிசைகளில் மிகப் பெரியவற்றுள் அதுவும் ஒன்று. சல்மான் கான் டெட் மேடை ஏறிய அதே மார்ச் மாதத்தில் கான் அகாடமியைப் பற்றி அவர் ஒரு காணொளி போட்டார். திட்டுவதற்காக அல்ல. தன் ஆய்வைச் சொல்வதற்காக.

மேலே எறிந்த பந்தின் மீது என்னென்ன விசை வேலை செய்கிறது? கையை விட்டபின் (காற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால்) ஈர்ப்பு விசை மட்டும்தான். ஆனால் பெரும்பாலானோர் பந்துக்குள் மேல்நோக்கிய ஒரு விசை மிச்சம் இருக்கிறது, அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகிறது என்று நம்புகிறார்கள். முல்லர் மாணவர்களுக்கு முதலில் ஒரு தேர்வு வைத்தார். பிறகு தெளிவான, சுருக்கமான, பிழையற்ற விளக்கக் காணொளியைக் காட்டினார். ரொம்பத் தெளிவு, எளிதாகப் புரிந்தது என்று மாணவர்கள் சொன்னார்கள். மறுபடி தேர்வு. முன்பு 26க்குச் சராசரி 6, பார்த்தபின் 6.3. அவ்வளவுதான். ஆனால் தங்கள் தவறான பதில்களின் மீது அவர்களுக்கு நம்பிக்கை கூடியிருந்தது! விளக்கம் சொன்னதும் தங்கள் மனதில் இருப்பதும் ஒன்றுதான் என்று எண்ணிக்கொண்டார்கள். வித்தியாசம் கண்ணிலேயே படவில்லை.

பிறகு வேறு வகைக் காணொளி ஒன்றைத் தயாரித்தார். அதில் ஒரு மாணவப் பாத்திரம் அந்தத் தப்பான எண்ணத்தை வாய்விட்டுச் சொல்லும். ஆசிரியர் அதை எடுத்துப் பேசுவார். இதைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருக்கிறது என்றார்கள். மூளையை அதிகம் செலவழித்ததாகச் சொன்னார்கள். மதிப்பெண்ணோ ஏறக்குறைய இரட்டிப்பானது.

முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்கு நாடியாதான் ஞாபகத்துக்கு வந்தாள். தப்பாக இருந்தாலும் சத்தமாகச் சொல் என்ற அந்த நிபந்தனை. தொலைபேசியில் இரண்டு குரல் இருந்தது. யூடியூபுக்குப் போனபோது ஒரு குரலை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். முல்லர் அளந்துகாட்டியது அந்த இன்னொரு குரலின் விலையை.

நான் லாப்லாஸில் தேறியது எப்படி என்று கேட்கலாம். அங்கே எனக்குத் தப்பான எண்ணம் ஏதும் இல்லை, எண்ணமே இல்லை. காலி இடத்தில் ஒன்றைக் கட்டுவது சுலபம். ஏற்கெனவே ஒன்று கட்டப்பட்டிருக்கும் இடத்தில்தான் சிக்கல். பந்து, கின்னம், கழித்தல் குறி எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். பின்னத்தைப் பற்றிப் பத்து வயதுப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு கொள்கை உண்டு.

கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் நாங்கள் நாலு பேர் சனிக்கிழமைகளில் படிவம் ஒன்று, இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறோம். போன வருடம் வகுப்பு முடிந்து மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தபோது நண்பன் ஒருவன் ஆரம்பித்தான்.

"மச்சான், தமிழ்ல ஒரு சேனல் தொடங்கலாம்டா. தமிழ்ப்பள்ளி முடிச்சி படிவம் ஒண்ணுக்குப் போற புள்ளைங்களுக்கு. யாருமே ஒழுங்கா பண்ணல லா."

"எத்தன பேரு பாப்பாங்க?" என்றான் இன்னொருவன்.

"மொதல்ல நல்ல கேமரா வாங்கணும். அப்புறம் லைட்டு. தம்ப்நெய்ல் செய்ய ஆள் இருக்கு."

ஒரு மணி நேரம் கேமரா பற்றியே பேசினோம். தலைப்பு எப்படி வைப்பது என்பதற்கும் ஒரு தே தாரிக் ஓடியது. தலைப்பை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. முல்லரே இதை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அணைக்கட்டின் மேலிருந்து சுழற்றிப் போட்ட கூடைப்பந்து வளைந்து பறப்பதைக் காட்டும் காணொளிக்கு முதலில் அவர் மேக்னஸ் விளைவு என்ற அறிவியல் பெயரைத் தலைப்பில் வைத்திருந்தார். பிறகு பந்து அணையிலிருந்து பறக்கிறது என்ற பொருளில் மாற்றினார். 2012இல் யூடியூப், எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முன்னுரிமை கொடுக்கத் தொடங்கியது. அன்றிலிருந்து அலைவரிசை நடத்துகிற ஒவ்வொருவரும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஆக வேண்டும். பிள்ளை வந்து உட்கார்ந்தால்தானே பாடம்.

ஆனால் எந்த அளவுகோலும் முல்லர் வைத்த அந்த இரண்டாவது தேர்வை வைப்பதில்லை. எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று தெரியும். 6 எத்தனை ஆனது என்று தெரியாது. தெளிவான காணொளி பிடித்துப்போகும், குழப்புகிற காணொளி பாதியில் மூடப்படும். அப்படியானால் அலைவரிசை வளர்வதும் பிள்ளை வளர்வதும் ஒரே திசையில் போகும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. நண்பர்களிடம் இதைச் சொன்னபோது, நீ ஆரம்பிக்கறதுக்கு முந்தியே சாவி எடுத்துப் பூட்டிடுவே என்றார்கள்.

சல்மான் கானுக்கும் இது தெரியாமல் இல்லை. காணொளிக்கு முன்பே தம்பி தங்கைகளுக்காகப் பயிற்சிக் கணக்குகள் தரும் மென்பொருள் ஒன்றை அவர் எழுதியிருந்தார். 2010இல் கலிஃபோர்னியாவின் லாஸ் ஆல்டோஸ் பள்ளிகளில் சோதனை நடந்தபோது, பாடத்தை வீட்டில் பார்த்துவிட்டு வகுப்பில் கணக்குப் போடலாம், ஆசிரியர் பக்கத்தில் உட்காரலாம் என்றார். 2023 மார்ச்சில் கான்மிகோ என்ற செயற்கை நுண்ணறிவு ஆசானை அறிமுகப்படுத்தினார். விடையைச் சொல்லிவிடாமல், நீ எப்படி யோசித்தாய் என்று பிள்ளையைத் திருப்பிக் கேட்கும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. இருபது வருடமாக அந்த மனிதர் தன் தொலைபேசியின் மறுமுனையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

எவருக்கும், எங்கும், இலவசம் என்பது அவர் அமைப்பின் வாக்கு. எங்கும் என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. 2020 ஜூனில், நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், சபாவின் பித்தாஸ் மாவட்டத்தில் ஒரு மாணவி இணையத் தொடர்புக்காக மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து தேர்வு எழுதினார். அதையும் நமக்குக் காட்டியது அவர் யூடியூபில் ஏற்றிய காணொளிதான். எங்கள் சனிக்கிழமைப் பிள்ளைகளுக்கு மரம் ஏற வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் ஒரே கைப்பேசி, அது அப்பா வேலையிலிருந்து வந்தபின்தான் கைக்குக் கிடைக்கும்.

கேமரா இன்னும் வாங்கவில்லை. எதைப் பதிவுசெய்வது என்று முதலில் பார்ப்போம் என்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறோம். பிள்ளைகள் சொல்லும் தப்பான விடைகளையும், ஏன் அப்படி என்று அவர்கள் சொல்லும் காரணங்களையும் அவர்கள் வார்த்தையிலேயே எழுதுகிறோம். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு. இதுவரை பதினோரு பேர் சொல்லியிருக்கிறார்கள், எல்லாருக்கும் ஒரே காரணம். படிவம் ஒன்றின் முதல் பாடம் நோம்போர் நிஸ்பா. அந்தப் பெயரே பல பிள்ளைகளுக்குப் புதுசு. அதில் மைனஸ் ஐந்து பெரியதா, மைனஸ் இரண்டு பெரியதா என்ற கேள்விக்கு மைனஸ் ஐந்து என்றான் ஒரு பையன். கடனை வைத்து விளக்கலாம் என்று, அஞ்சு வெள்ளி கடன் இருக்கறவன்கிட்ட அதிகமா இருக்கா, ரெண்டு வெள்ளி கடன் இருக்கறவன்கிட்டயா என்று கேட்டேன். எல்லாப் பாடநூலும் சொல்லும் உதாரணம்தான். அவன் கொஞ்சமும் தயங்கவில்லை.

"அஞ்சுதான் பெருசு அண்ணா. ரெண்டு பேர்கிட்ட கடன் வாங்குனா ரெண்டு பேருதான் வீட்டுக்கு வருவாங்க. அஞ்சு பேர்கிட்ட வாங்குனா அஞ்சு பேரும் வருவாங்க."

நோட்டில் எழுதிக்கொண்டேன். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று இரண்டு சனிக்கிழமைகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.